மேலே போன பிறகு யார் பணம் தருவார்கள்?



முதலீட்டுக்காகச் செயற்கைக்கோள் கம்பெனிகளை எடைபோடும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு வரும் திட்ட அறிக்கைகளில் முக்கால்வாசிப் பக்கங்கள், கருவி வேலை செய்யும் என்று நிரூபிப்பதிலேயே தீர்ந்துபோகும். அதைப் பொறியாளர்கள் சரிபார்க்கட்டும். யார் பணம் தருவார்கள், எத்தனை ஆண்டு தருவார்கள் என்பதில் நீங்கள் நேரம் செலவிடுங்கள். இரிடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டோரோலாவின் முயற்சியில் பிறந்த அந்தச் செயற்கைக்கோள் போன் நிறுவனம், சுமார் 500 கோடி டாலர் செலவில், 66 செயற்கைக்கோள்களோடு 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கியது. 1999 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தது. செயற்கைக்கோள்கள் நன்றாகத்தான் இயங்கின. அவற்றைக் கட்டி முடிப்பதற்குள் தரையில் செல்போன் கோபுரங்கள் பெருகிவிட்டன. கட்டடத்துக்குள் சிக்னல் எடுக்காத, ஏறத்தாழ 3,000 டாலர் விலையுள்ள, செங்கல் போன்ற போனை வாங்கப் போதுமான ஆள் இல்லை.

இரிடியம் இன்றும் ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறது, முதலில் பணம் போட்டவர்களுக்காக அல்ல. புதிய உரிமையாளர்கள் அந்தச் சொத்தைச் சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2000 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கொடுத்த ஒப்பந்தமோ 7.2 கோடி டாலர். ஒரே வாடிக்கையாளரின் ஒப்பந்தம் மொத்த விலையையே விழுங்கிவிட்டது! செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப்பும் 2020 மார்ச்சில் திவாலானது. பிரிட்டிஷ் அரசும் இந்தியாவின் பார்தி நிறுவனமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு மீட்டன. தொழில் பிழைப்பதும் உங்கள் பங்கு பிழைப்பதும் வேறு வேறு.

தொடக்க நிலைக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால், செயற்கைக்கோள் படம் விற்கப் போகிறவர் விமானத்தில் எடுத்த படத்தை விற்றுக்கூடச் சந்தையைச் சோதித்துப் பார்க்கலாம். ஆர்வம் தெரிவிக்கும் கடிதங்களுக்கு மதிப்புப் போடாதீர்கள். சோதனை முடிந்தபின் சொந்தக் காசு கட்டித் தொடர்ந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். விபத்துக்கும் இடம் விடுங்கள். 2014 அக்டோபரில் அன்டாரஸ் ராக்கெட் வெடித்தபோது, பூமியைப் படமெடுக்கும் பிளானட் நிறுவனம் 26 செயற்கைக்கோள்களை இழந்தது; அடுத்த ஜூனில் ஃபால்கன் ராக்கெட் விபத்தில் இன்னும் 8. எல்லாம் சிறியவை, மலிவானவை, அதனால் நிறுவனம் தாங்கியது. அந்த வகைச் செயற்கைக்கோள்களுக்குத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஆயுள் சில ஆண்டுகள்தான். புதியன அனுப்பும் செலவு திரும்பத் திரும்ப வரும். அதை ஒருமுறைச் செலவாகக் காட்டும் கணக்கு பொய்க் கணக்கு.

அடுத்த அறிக்கை வந்ததும் வருமானப் பக்கத்தை முதலில் திறவுங்கள். பணம் கட்டிய ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை வாங்கி, நீங்களே பேசிவிடுங்கள்.