உப்பளமும் ஆய்வுச்சாலையும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. அப்பழமொழி குறிக்கும் உப்பு ஒன்றே. இரசாயன நூலார் கூறும் உப்புக்களோ எண்ணிறந்தன. மயில்துத்தம், படிகாரம், நவச்சாரம், வெடியுப்பு ஆகிய யாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. ஓர் அமிலம் ஒரு காரத்தோடு கூடுவதால் பிறப்பது உப்பு என்னும் கருத்தை 1754-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ரூவெல் என்பார் வகுத்துரைத்தார். உப்பு பிறக்கும் வகையையும், பிறவற்றோடு கலந்து கிடக்கும் உப்பைப் பிரித்தெடுக்கும் வகையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஹைடிரோகுளோரிக் அமிலம் உலோகத்தை அரிப்பது. எரிசோடாவோ தோலைப் புண்ணாக்குவது. இவ்விரண்டும் உரிய அளவிற் சேருமாயின் இரண்டின் கொடுமையும் ஒழிந்து, நாம் உணவிலிடும் உப்பும் நீருமே எஞ்சுகின்றன. 40 கிராம் எரிசோடாவுக்கு 36.5 கிராம் அமிலம் வேண்டும்; விளைவது 58.5 கிராம் உப்பும் 18 கிராம் நீரும். கூட்டிப் பார்ப்பின் இருபுறமும் 76.5 கிராமே. அமிலம் ஒரு துளி மிகினும், குறையினும் கிடைப்பது நடுநிலைக் கரைசல் அன்று. அத்துளியை நமக்கு அறிவிப்பது பினால்ப்தலீன் என்னும் நிறங்காட்டி. காரத்திற் செந்நிறங் காட்டும் அது, நிறமிழக்கும் கணத்தில் அமிலத்தை நிறுத்துதல் வேண்டும். பின்னர் நிறங்காட்டி சேர்க்காமல் அதே அளவுகளை மீண்டுங் கலந்து, நீரை வற்றச் செய்தால் வெண்ணிற உப்பைப் பெறலாம். ஆயினும் ஆய்வுச்சாலையில் விளைந்த எதனையும் நாவிலிடலாகாது.

இனிப் பிரிக்கும் வகையைக் காண்போம். இரும்புத்தூள், நவச்சாரம், மணல், உப்பு ஆகிய நான்கும் கலந்த பொடியொன்றை ஆசிரியர் கொடுக்கின்றார் என்க. மாணாக்கர் பலர் உடனே நீரை ஊற்றிவிடுகின்றனர். நவச்சாரமும் உப்பும் ஒருங்கே கரைந்துவிடுதலால் வேலை இரட்டிக்கின்றது. ஈரம்பட்ட இரும்பும் துருவேறத் தொடங்குகின்றது. முதலிற் காந்தத்தால் இரும்பை நீக்குக. அடுத்து, எஞ்சியதைச் சூடாக்கி, மேலே குளிர்ந்த புனலொன்றைக் கவிழ்த்து வைக்க. நவச்சாரம் வெப்பத்தால் அம்மோனியாவாகவும் ஹைடிரோகுளோரிக் அமில ஆவியாகவும் பிரிந்து மேலெழும்பி, குளிர்ந்த பக்கத்தில் மீண்டுங் கூடி வெண்பொடியாய்ப் படியும். ஓர் உப்பு தன்னை ஈன்ற காரமாகவும் அமிலமாகவும் பிரிந்து மறுபடி பிறத்தலை இங்கே கண்ணாற் காண்கின்றோம். இதன்பின் ஆறவிட்டு நீரூற்றினால் உப்பு மட்டும் கரையும். வடிகட்டினால் மணல் தாளில் தங்கும். பொருள்களின் குணபேதத்தை அறிதல் மட்டும் போதாது. எதனை முன்னும் எதனைப் பின்னும் கையாள்வது என்னும் முறையும் அறிதல் வேண்டும்.

வடிந்த கரைசலை முற்றும் வற்றவிடுதலே உப்பெடுக்கும் வழி என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். உப்பு ஒன்றே கரைந்திருக்கையில் அது பொருந்தும். கடல்நீரில் அவ்வாறு செய்தால் என்னாகும்? ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் உள. அவற்றுள் நம் உணவுப்பு ஏறக்குறைய 27 கிராம். ஏனையவை ஜிப்ஸமும் மக்னீஸிய உப்புக்களும் பிறவுமாம். முற்றும் வற்றவிட்டால் எல்லாம் ஒருங்கே படிந்து கசக்கும்.

தூத்துக்குடி உப்பளங்களிற் பணிபுரிவோர் இப்பிழையைச் செய்வதில்லை. அவர்கள் கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலிற் காய்ச்சுகின்றனர். நீர் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகக் குறுகுங்கால், எளிதிற் கரையாத ஜிப்ஸம் உணவுப்புக்கு முன்னரே படியத் தொடங்குகின்றது. பத்திலொரு பங்காகி, போமே அளவுகோல் சுமார் 25 பாகை காட்டும்போது உணவுப்பு படிகமாகின்றது. சுமார் 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய கசப்பு நீரை வடித்து விலக்குகின்றனர். மக்னீஸிய உப்புக்களிற் பெரும்பகுதி அந்நீரோடு சென்றுவிடும். இவ்வரிசையை 1849-ஆம் ஆண்டில் உஸிக்லியோ என்னும் இத்தாலிய அறிஞர் மத்தியதரைக் கடல்நீரைக் கொண்டு அளந்து காட்டினார்.

கசப்பு நீரை விலக்கத் தாமதித்தால் வரும் கேடு வீடுவரை தொடரும். மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிந்து நீர்விடுவதை அறியாதார் யார்? தூய உணவுப்பு, காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 அளவை எட்டிய பின்னரே நீராகத் தொடங்கும். மக்னீஸியம் குளோரைடோ ஈரம் 33 அளவில் இருக்கும்போதே நீரை உறிஞ்சி உருகும். அது சிறிதே கலந்திருப்பினும் சாடியிலுள்ள உப்பு விரைவில் நனைகின்றது.

ஆதலின், கரைசலைச் சுண்டவைக்கும் மாணாக்கர் அடுப்பை மூட்டுமுன், அந்நீரில் இன்னும் எவை கரைந்துள்ளன, அவற்றுள் எது முந்திப் படியும், எவ்விடத்தில் நிறுத்துவது என்று தம்மைத் தாமே வினவிக் கொள்வாராக. வாய்ப்புள்ளோர் கோடை விடுமுறையில் ஒரு நாள் உப்பளஞ் சென்று, பாத்திகளின் ஓரம் நின்று, எந்தப் பாத்தியில் எப்பொருள் படிகின்றதென அங்குள்ளோரைக் கேட்டறிதல் நன்று. பாடநூலில் நான்கு வரிகளாய்க் கிடக்கும் படிகமாக்கல் என்னும் பகுதி, அங்கே வெயிலில் நிற்பாருடைய அன்றாடத் தொழிலாய் நடைபெறுகின்றது.