காஸ் இருக்கிறது, நெருப்பு ஏன் எழும்பவில்லை?

தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறோம். காஸ் அடுப்பின் நெருப்பு விரல்நுனி அளவுக்கு மேல் எழும்பவில்லை. சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைத்து, கடன்பட்டு அடுத்ததை வாங்கிப் பூட்டுகிறோம். நெருப்பு முன்போலவே கிடக்கிறது. 2022இல் காஸ் வரிசைகளில் காத்து நின்றவர்களுக்கு இந்த நட்டத்தின் பாரம் நன்கு விளங்கும்.

ஆகவே முதலில் சிலிண்டரை நிறுத்துப் பார்ப்போம். வெறும் சிலிண்டரின் நிறை அதன் மேற்பகுதியில் குறிக்கப்பட்டிருக்கும். ரெகுலேற்றரைக் கழற்றிவிட்டு நெல் நிறுக்கும் தராசில் வைத்து, வரும் நிறையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது காஸ். தட்டிப் பார்ப்பதும் குலுக்கிப் பார்ப்பதும் கணக்கல்ல.

காஸ் இருக்கிறது என்று தெரிந்தால், இரண்டு அடுப்புகளையும் ஒவ்வொன்றாக மூட்டிப் பாருங்கள். ஒன்று நன்றாக எரிந்து மற்றது மங்கினால் பிழை அந்த அடுப்பில்தான். இரண்டும் மங்கினால் குழாய், ரெகுலேற்றர், சிலிண்டர் ஆகியவற்றில் தேட வேண்டும்.

குழாய் மடிந்திருக்கலாம். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பலகைக்கும் சிலிண்டருக்கும் இடையில் குழாய் நசுங்கிக் கிடந்ததை ஒரு மாதமாக ஒருவரும் காணவில்லை! சில ரெகுலேற்றர்களில், காஸ் திடீரெனப் பாய்ந்தால் தானாக அடைக்கும் பாதுகாப்பு உண்டு. அடுப்பின் திருகியைத் திறந்து வைத்துக்கொண்டு ரெகுலேற்றரைத் திறந்தால் அது அடைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மூடிச் சற்றுப் பொறுத்து, முதலில் ரெகுலேற்றரை மெதுவாகத் திறந்து, பின்பு ஓர் அடுப்பை மட்டும் மூட்டுங்கள்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை உறிஞ்சுகிறது. சிறிய சிலிண்டரில் பெரிய அடுப்பைப் பூட்டி, ஊர்க் காரியத்துக்கு மணிக்கணக்காகச் சமைத்தால் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், நெருப்பும் தாழும். அடுப்பை நிறுத்திச் சிறிது நேரம் ஆறவிட்டால் சரியாகும். சிலிண்டரைச் சூடாக்கவோ சரித்துப் படுக்க வைக்கவோ கூடாது. படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்து, நெருப்பு ஆளுயரத்துக்கு எழக்கூடும்.

இடம் மாறி இடம் மாறி வாழ்ந்த எம்மவர் அடுப்புகளில் கூடுதலாகக் காண்கிற பிழை வேறு. மாதக்கணக்காக மூலையில் கிடந்த அடுப்பின் கலப்புக் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டும், குளவி மண் வைத்து அடைக்கும். நீல நெருப்பு மஞ்சளாகி, சட்டி கரிபிடித்தால் காற்று போகும் வழி அடைபட்டது என்று கொள்ளலாம். சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பேர்ணரைக் கழற்றி, போத்தல் கழுவும் தூரிகையால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். காஸ் வெளிவரும் பித்தளை ஜெற்றின் துவாரம் ஒரு மில்லிமீற்றரும் இல்லை. ஊசியால் குத்தினால் அது பெருத்து, பின்பு காஸ் வீணாகும், கரியும் கூடும். ஜெற் அடைபட்டிருந்தால் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே மேல்.

வேலை முடிந்ததும் சவர்க்கார நுரையைப் பொருத்துகளில் பூசிப் பாருங்கள். குமிழி எழும்பினால் கசிவு. நெருப்புக்குச்சியால் சோதிக்க வேண்டாம். 2021 கடைசியில் நாட்டின் பல பாகங்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, அதை ஆராய்ந்த குழு, காஸ் கலவையில் புரொப்பேனின் பங்கு மாறியதைக் காரணமாகக் காட்டியது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பழைய குழாயும் தேய்ந்த வாசரும் அதைத் தாங்காமல் கசியும். எலி கடித்த குழாயை நாடா சுற்றிப் பாவிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

காஸ் காற்றிலும் பாரமானது, தரையோடு தங்கும். மணம் வந்தால் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மின்விசையைத் தொட வேண்டாம். பக்கத்தில் விறகடுப்பு எரிந்தால் உள்ளே நில்லாமல் எல்லோரும் வெளியேறிவிடுங்கள். கிடுகு வேய்ந்த கொட்டிலில் சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான பக்கத்தில், விறகடுப்புக்குத் தூரமாக வைக்க வேண்டும். அடுத்த முறை அடுப்பைக் கட்டி வைக்கும்போது, கலப்புக் குழாயின் வாயையும் குழாயின் முனையையும் துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.