பி.பி. மெஷினும் ஒரு நோட்டும்

"தலைவலியே இல்லையே, எதற்கு பி.பி. பார்க்கணும்?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆசிய நாடுகளில் பக்கவாதத்துக்கு முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம்தான். பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறும்.

1. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் பாருங்கள். ஆசியர்களுக்கு விடிகாலை ஏற்றம் கூடுதல்.

2. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையை வெறும் கையில் சுற்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

3. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து 135/85-ஐத் தொட்டால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.

4. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். சாம்பாரில் குறைத்துவிட்டு மோர்சாதத்துக்கு ஊறுகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டால் பலனில்லை. கருவாடும் அப்படித்தான்.

5. அளவு இறங்கியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இறங்கியதே மாத்திரையால்தான்.

6. வாய் ஒருபக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா, பேச்சு குழறுகிறதா? பக்கவாதமாக இருக்கலாம்; மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.