இந்திய வானநூலில் யவனர் கூறுகள்

புனே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய சங்கர் பாலகிருஷ்ண தீட்சிதர் (1853–1898) மராத்தியில் இயற்றிய ‘பாரதீய ஜோதிஷ சாஸ்திரம்’ 1896-இல் வெளிவந்தது. வேதகாலம் முதல் தம் காலம் வரை இந்நாட்டு வானநூல் வளர்ந்த வரலாற்றை மூல நூல்களைக் கொண்டே ஆராய்ந்த பெருநூல் அது. இதன் ஆங்கில ஆக்கத்தை மத்திய அரசின் வானிலை ஆய்வுத் துறை 1969-இலும் 1981-இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. தீட்சிதர் எதிர்கொண்ட வினாக்களுள் ஒன்று இன்றும் வகுப்பறைகளில் எழுவதாகும்: நம் சோதிடத்திலும் வானநூலிலும் கிரேக்கரிடமிருந்து வந்தவை எவை? எல்லாம் இரவல் என்பாரும், எதுவுமே இரவல் அன்று என்பாரும் இருக்கின்றனர். சான்றுகள் இவ்விரு சாராருக்கும் இடந்தருவன அல்ல.

முதலில் பழைய நிலையைக் காண்போம். இலகதர் பெயரால் வழங்கும் வேதாங்க ஜோதிடம் வேள்விக்குரிய காலத்தை நிறுவ எழுந்த நூல். ஐந்து ஆண்டு கொண்ட யுகம், அதற்கு 1830 நாட்கள், 27 நட்சத்திரங்கள் ஆகியவையே அதன் அடிப்படை. இராசி இல்லை, வாரநாள் இல்லை, இலக்கினமும் பிறப்புச் சாதகமும் இல்லை. ஆகவே இன்று ‘வேத சோதிடம்’ என வழங்கும் சாதகக் கலைக்கு அப்பெயர் வரலாற்று முறையில் பொருந்துவதன்று.

வாரநாள் முறை எங்கிருந்து வந்தது என்பதை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும்; மாணவர்களைக் கொண்டே இதனைச் செய்விக்கலாம். கிரேக்க வானநூலார் கோள்களைத் தொலைவு குறைந்துவரும் வரிசையில் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என அடுக்கினர். நாளை 24 ஓரைகளாகப் பகுத்து, ஒவ்வோர் ஓரைக்கும் இவ்வரிசைப்படி ஒரு கோளை அதிபதி ஆக்கினர். முதல் ஓரையின் அதிபதியே அந்நாளுக்குப் பெயர் தரும். 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே ஞாயிற்றுக்கு மூன்று இடம் தள்ளி நிற்கும் திங்கள் மறுநாளுக்கு உரியது, அதற்கு மூன்று இடம் தள்ளிச் செவ்வாய், பின்னர் புதன். நம் கிழமைகளின் வரிசை இதுவே. நம் நாட்டுப் பழைய பகுப்பாகிய 60 நாழிகையை வைத்துக் கணக்கிட்டால் மீதி 4 ஆகும். ஞாயிற்றுக்குப் பின் சனிக்கிழமை வரும். 30 முகூர்த்தமாயின் மீதி 2; ஞாயிற்றை அடுத்துப் புதன் நிற்கும். 24 மணிப் பகுப்பு இன்றி இவ்வரிசை பிறவாது. அப்பகுப்பு எகிப்தில் தோன்றிக் கிரேக்கர் வழியாகப் பரவியது. இந்தியக் கல்வெட்டுகளுள் வாரநாள் குறித்த மிகப் பழையது மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள புதகுப்தன் காலத்துக் கல்வெட்டு. குப்த ஆண்டு 165, அதாவது கி.பி. 484, வியாழக்கிழமை என்பது அதன் காலம்.

சொற்களும் சான்று பகரும். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகஜ்ஜாதகத்தில் மேடம் ‘கிரியம்’ என்றும், இடபம் ‘தாவுரி’ என்றும், சிங்கம் ‘லேயம்’ என்றும் மாற்றுப் பெயர் பெறுகின்றன. இவை முறையே கிரேக்கத்தின் கிரியோஸ், தௌரோஸ், லெயோன் என்பனவற்றின் திரிபுகள். கேந்திரம் என்பது கென்ட்ரோன். திரேக்காணம் என்பது தெகானோஸ். ஏழாமிடத்தைக் குறிக்கும் ஜாமித்திரம் என்பது எதிரெதிர்க் கோட்டைச் சுட்டும் தியாமெட்ரோஸ். ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல்லே தமிழில் ஓரை எனப் பஞ்சாங்கத்தில் நிற்கிறது. (தொல்காப்பியத்தில் வரும் ஓரை இதுதானா என்பது தமிழறிஞரிடையே தீராத வழக்கு, அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.) வராகமிகிரர் இக்கடனை மறைத்தவரல்லர். யவனர் மிலேச்சராயினும் இச்சாத்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருத்தலால் முனிவர்போல் போற்றத்தக்கவர் என்னும் கருத்தைத் தம் பிருகத்சம்ஹிதையில் எடுத்துரைக்கிறார்.

கணித வானநூலுக்கு அவரது பஞ்சசித்தாந்திகையே தலையாய சான்று. 1889-இல் திபோ, சுதாகர துவிவேதி ஆகியோர் அதனைப் பதிப்பித்தபோது பம்பாய் அரசுத் தொகுப்புச் சுவடிகளையே பயன்படுத்தினர். புனே டெக்கான் கல்லூரியில் இருந்த அவ்வரசுத் தொகுப்பு பின்னர் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தது. இந்நூலில் சுருக்கித் தரப்படும் ஐந்து சித்தாந்தங்களுள் ரோமக சித்தாந்தம் 2850 ஆண்டுகளுக்கு 10,40,953 நாட்கள் கொள்கிறது. வகுத்துப் பார்த்தால் ஓராண்டு 365 நாள் 5 மணி 55 நிமிடம் 12 விநாடி ஆகும். இது கிரேக்க வானநூலார் ஹிப்பார்க்கஸ் கண்ட ஆண்டளவே. பௌலிச சித்தாந்தமோ யவனபுரத்துக்கும், அதாவது அலெக்சாந்திரியாவுக்கும், உச்சயினிக்கும் உள்ள நேர வேறுபாட்டை 7⅓ நாழிகை என்கிறது. ஒரு நாழிகைக்கு 6 பாகையாக இது 44 பாகை. இன்றைய அளவு ஏறக்குறைய 46. காசிக்கு 9 நாழிகை, அதாவது 54 பாகை. இன்றைய அளவு 53. உச்சயினிக் கணிதர் தம் கோட்டை அலெக்சாந்திரியாவிலிருந்து அளந்தனர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

எனினும் பெற்றதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. தீட்சிதர் வற்புறுத்திய கருத்தும் இதுவே: சூரிய சித்தாந்தம் முதலியவற்றின் எண்கள் தாலமியின் எண்களோடு பொருந்துவதில்லை, எனவே அவை தாலமியின் நூலைப் பார்த்து எழுதியவை ஆகா. கிரேக்கர் முழு நாணைக் கொண்டு கணக்கிட்டனர். நம்மவர் அரை நாணைக் கொண்டு ‘ஜ்யா’ அட்டவணை அமைத்தனர். கி.பி. 499-ஐத் தம் கணக்கின் ஆண்டாகக் குறிக்கும் ஆரியபடர் நூலில் அது செம்மையாக உள்ளது. அச்சொல் அரபு வழியாக இலத்தீனுக்குச் சென்று ‘சைன்’ ஆயிற்று. நட்சத்திரச் சக்கரமும் திதியும் யவனருக்கு முற்பட்ட நம் மரபே.

வானநூலும் சாதகமும் ஒரே வழியில் வந்தன என்பதால் இரண்டின் தகுதியும் ஒன்றாகிவிடாது. முன்னதைக் கிரகணம் சோதிக்கும். பின்னதைச் சோதிக்க, வானியலார் ஜயந்த் நார்லிகரும் குழுவினரும் 2008-இல் மகாராட்டிரத்தில் ஒரு தேர்வு நடத்தினர். அறிவுத்திறம் மிக்க மாணவர் நூற்றுவர், மனவளர்ச்சி குன்றியோர் நூற்றுவர் ஆகியோரின் சாதகங்களைத் திரட்டி, ஒவ்வொரு சோதிடருக்கும் நாற்பது தந்து, இன்னார் இவ்வகையினர் எனப் பிரித்துக் காட்டக் கேட்டனர். விடையனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலும் 50 கிடைக்கும்.