ஈறும் இரு கோடும்

வைரஸ் நோயை அறிதற்கு ஊசியும் சோதனைச்சாலையும் இன்றியமையாதன என்பது பலர் எண்ணம். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், எச்.ஐ.வி. தொற்றினை ஒருவர் தம் வீட்டிலிருந்தே வாய்நீரால் சோதித்தறியும் கருவியொன்று அரசாங்க அனுமதி பெற்றது. தட்டையான கோலொன்றினால் மேலீறு கீழீறுகளை ஒருமுறை துடைத்து, மருந்துநீர்க் குப்பியில் நிறுத்தின், 20 நிமிஷத்தில் விடை கிடைக்கும். இரு கோடு தோன்றின் வைத்தியசாலையில் மறுசோதனை வேண்டும்; ஒன்றேயாயின் தொற்றுத் தென்படவில்லை என்பது பொருள்.

எச்சிலாற் பரவாத நோயை எச்சிலில் எங்ஙனம் காண்பது என மாணவர் வினவலாம். நல்ல வினாவே. கருவி தேடுவது வைரஸையன்று. அதனை எதிர்த்து உடல் உண்டாக்கி, இரத்தத்தினின்று ஈறுவழியே கசியும் எதிர்ப்பொருள்களையே. அவை தோன்ற 3 மாதம் வரை செல்லக்கூடும். ஆதலின் நேற்றுத் தொற்றப்பெற்றவருக்கும் ஒரு கோடே காணும். அனுமதிக்குமுன் நடந்த ஆராய்ச்சியில், தொற்றுடையார் ஏறக்குறைய 12 பேரில் ஒருவரை இக்கருவி காணாது விட்டது.