அட் குறிக்குப் பின்னால் இருப்பது யாருடையது?

தொழிலுக்கு ஈமெயில் முகவரி வைக்க உட்கார்ந்தால், அட் குறிக்கு முன்னால் என்ன போடுவது என்பதிலேயே நேரமெல்லாம் போய்விடுகிறது. கடைப்பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்ப்பதா, தொடங்கிய வருடத்தைச் சேர்ப்பதா என்று யோசிப்பவர்கள், பின்பாதிக்கு வரும்போது ஜிமெயில் டாட் காம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முன்பாதியை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். பின்பாதியான டொமைன்தான் சொத்து. அது உங்கள் பெயரில் இருந்தால், இன்று ஜோஹோ மெயில், நாளை கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்று நிறுவனத்தை மாற்றினாலும் விசிட்டிங் கார்டில் உள்ள முகவரி மாறாது.

வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் நடக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். தெருமுனைத் தையல் கடைக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் திருப்பூரில் பின்னலாடை தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்கும், கரூரிலிருந்து திரைச்சீலை ஏற்றுமதி செய்பவருக்கும் கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் மெயிலில்தான் போய் வருகின்றன. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று சப்ளையர் பெயரில் மெயில் போட்டுப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் முகவரி இலவச மெயிலாக இருந்தால், ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ அதே மாதிரி இன்னொன்றை யாரும் செலவில்லாமல் திறந்துவிடலாம். சொந்த டொமைனைப் போலவும் ஒன்றை வாங்கலாமே என்றால், வாங்கலாம்தான். ஆனால் அதற்குப் பணம் செலவாகும், பதிவும் இருக்கும். "எங்கள் டொமைனிலிருந்து வராத எதையும் நம்பாதீர்கள்" என்று வாங்குபவரிடம் ஒரே வரியில் சொல்லிவைக்கவும் முடியும்.

டொமைனுக்கு நினைத்திருக்கும் பெயரைப் போனில் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் ஒரே தடவையில் சரியாக எழுத வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட் எச் போடுவதா எல் போடுவதா, செந்திலுக்கு டி எச்சா வெறும் டியா என்ற குழப்பம் வராத பெயராகப் பாருங்கள்; தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கிவிடுங்கள். எண், நடுக்கோடு, அடிக்கோடு கூடவே கூடாது. உள்நாட்டு வியாபாரத்துக்கு டாட் இன் போதும். வெளிநாட்டு வாங்குபவர் இருந்தால் டாட் காமையும் சேர்த்து வாங்குங்கள். தமிழிலேயே டாட் இந்தியா என்று முடியும் டொமைன் கிடைக்கிறது, ஆசையாக வாங்கி வையுங்கள். ஆனால் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத ஆன்லைன் படிவங்கள் இன்னும் நிறைய இருப்பதால், அதை முதன்மை முகவரியாக வைக்க வேண்டாம்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது டொமைனை வாங்கும் இடத்தில்தான். வெப்சைட் செய்து கொடுப்பவர் தன் கணக்கிலேயே டொமைனையும் வாங்கிவிடுவார். முதலாளி பில்லைக் கட்டிவிட்டுத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பதிவு எவர் கணக்கில் இருக்கிறதோ அவர் கையில்தான் சாவி. எனவே பதிவு நிறுவனத்தில் நீங்களே, உங்கள் செல்போன் எண்ணில் கணக்கு திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரையோ கம்பெனி பெயரையோ போடுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் ஈமெயில், அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுபோகும், பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் வந்து சேராது. இதற்குத்தான் உங்கள் சொந்த ஜிமெயில். ஒரே நேரத்தில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். 5 ஆண்டுக்குக் குறைத்து வாங்காதீர்கள். டாட் காம் காலாவதியானால் சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதன் பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி வாங்கியவருக்கு உங்கள் முகவரிக்கு வரும் ஓடிபி உட்பட எல்லா மெயிலும் போய்ச் சேரும்.

முன்பாதியை வேலையின் பெயரில் வையுங்கள்: சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ. 1997இல் வெளியான இணையத் தர ஆவணம் ஒன்றே சேல்ஸ், சப்போர்ட், இன்ஃபோ போன்ற பெயர்களைப் பரிந்துரைக்கிறது. ஊழியர் பெயரை லெட்டர்ஹெட்டில் அச்சடித்தால், அவர் விலகும் நாளில் வாடிக்கையாளரின் தொடர்பும் அறுந்துவிடும். செலவுக்குப் பயப்படுபவர்கள் கவனிக்க: ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கு மட்டும் பணம் கட்டி, மற்றவற்றை மாற்றுப்பெயர்களாக அதிலேயே விழச் செய்யலாம்.

கடைசியாக, மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று பெறுபவர் பக்கம் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகள். மெயில் நிறுவனம் தரும் வரிகளை டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்டினால் போதும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இத்தகைய சரிபார்ப்பை வற்புறுத்துகின்றன. இல்லையென்றால் உங்கள் இன்வாய்ஸ் ஸ்பேமில் கிடக்கலாம். மெயில் நிறுவனம் மாறும்போது பழைய எஸ்பிஎஃப் வரியை நீக்காமல் புதியதைச் சேர்ப்பவர்கள் பலர். ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இதுவரை தொழிலுக்குப் பயன்படுத்திய பழைய ஜிமெயிலை உடனே மூடாமல், வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட்டு, வங்கி, ஜிஎஸ்டி, உத்யம் பதிவு என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் கடிதங்களும் உண்டு என்பதால், ஒரு முழு நிதியாண்டு முடியும்வரை அது திறந்தே இருக்கட்டும்.