தாய்ப்பால் வங்கி

தாராவிக்கு அருகிலுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையில், 1989-ஆம் ஆண்டு, டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி நிறுவப்பெற்றது.

குறைமாதச் சிசுவின் குடல் முதிர்ச்சியடையாதது. அதற்குப் பால்மாவு புகட்டினால், குடல் திசு அழுகும் நோய் நேரும் வாய்ப்பு மிகுதி. தாய்ப்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிசுவுக்குக் காப்பாகின்றன. ஆனால் தாய் நோயுற்றிருந்தால், அல்லது பால் சுரக்கத் தாமதமானால்? அப்பொழுது பிற தாய்மார் மனமுவந்து அளிக்கும் மிகைப்பால் கைகொடுக்கிறது. அளிப்போரின் இரத்தம் எச்.ஐ.வி., சிபிலிஸ் முதலியவற்றுக்காகச் சோதிக்கப்படும். பால் 62.5 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, விரைவில் குளிர்விக்கப்பட்டு, கிருமிச் சோதனைக்குப் பின் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் சேமிக்கப்படும். வெப்பம் கிருமிகளோடு எதிர்ப்புப் புரதங்களிலும் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். ஆதலால் பெற்றவளின் பாலே முதன்மையானது. வங்கிப்பால் அதற்கு அடுத்ததே.

பொருளாதார மாணவர் ஒன்று கவனிக்கலாம். பால்மாவு டப்பா விற்பனையானால் தேசிய வருமானக் கணக்கில் ஏறும். தாய்ப்பாலுக்கு அக்கணக்கில் இடமில்லை. பால்மாவு விளம்பரத்தைத் தடைசெய்ய 1992-இல் சட்டமே தேவைப்பட்டது. தாய்ப்பால் வங்கிகளுக்கான தேசிய நெறிமுறைகள் 2017-இல்தான் வெளிவந்தன. இடையில் தாய்ப்பாலையே விலைபேசும் வணிகமும் தலைகாட்டியது. அது சட்டத்துக்குப் புறம்பானதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் அறிவித்தது.